பால் ஸ்டோரில் நடந்த பாட்டுப் போட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவர்கள் வரிசையில் வந்து உட்கார எனக்குத் தகுதி கிடையாது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஊருக்குப் போட்ட கடிதங்களும் கடைச் சாமான் சீட்டும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள், முகம் தெரியாத இத்தனை பேருக்கு முன்னால் பேச வந்தது அதிகம்தான். தப்பு இருந்தால் தள்ளிவிட்டுப் படியுங்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் துணிந்தேன்.

எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையின் கடைசியில் இருந்தது. அவசரகாலம் வந்த பிறகு நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு கேட். காலையில் வெளியே போகும்போது காவலர்கள் எங்களைத் தடவிப் பார்ப்பார்கள், பெண்களைத் தடவ ஒரு பெண் இருப்பாள். ஒரு பிடி சோறுகூட ரப்பர் மரக்காட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கடையில் பால் டின் வாங்கினால் அங்கேயே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். எதுவும் காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரக்கூடாது. சாயங்காலம் கேட்டை மூடினால் விடியும்வரை ஊரடங்கு.

அப்படிப்பட்ட காலத்தில், சுற்றுவட்டாரத் தோட்டப் பள்ளிகளின் சேர்ந்திசைப் போட்டியை எங்கள் தோட்டத்தில் வைக்கலாம் என்று மேலே சம்மதம் வாங்கிவிட்டார் எங்கள் வாத்தியார். பிள்ளைகள் லோரிகளில் காவலோடு வருவார்கள், பாடுவார்கள், இருட்டுவதற்குள் போய்விடுவார்கள். இத்தனை பேரை உட்கார வைக்கப் பெரிய கூரை ரப்பர்ப் பால் சேர்த்து வைக்கும் பால் ஸ்டோருக்குத்தான் இருந்தது. சனிக்கிழமை மதியம் தொட்டிகளைக் கழுவிவிட்டு அங்கேயே நடத்தலாம் என்று தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்று கோயிலடியில் வாத்தியார் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

"அவளையா? சரிதான். வந்த புள்ளைங்களப் பாத்து இவதான் மொதல்ல ஓடி ஒளிவா," என்றாள் ஒருத்தி.

"பேச வேணாம்மா. புள்ளைங்களுக்குக் குடிக்கச் சிராப்பு ஊத்திக் கொடுத்தாப் போதும்," என்றார் வாத்தியார்.

"அப்ப சரி. சிராப்பு திருப்பிப் பேசாது லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மகள்தான் எங்கள் பள்ளிக் குழுவில் முன்னால் நின்று பாடுகிற பிள்ளை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயத்தில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் வீட்டுக்காரர் அதற்கு முந்திய வருஷம் மரக்காட்டில் காணாமல் போய்விட்டார். காணாமல் போனார் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

அதைச் சொல்வதற்கு முன் கூவல் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆளுக்கும் வெட்டுகிற மரங்கள் தனித்தனி. அதை நிரை என்போம். விடிகாலையில் போய் மரம் சீவிவிட்டு, மரத்தில் கட்டிய மங்குகளில் பால் நிறையும்வரை காத்திருப்போம். பால் எடுக்கும் நேரம் வந்ததும் எங்களை மேய்க்கிற மண்டோர் தண்டவாளத் துண்டை அடித்துவிட்டு "ஓ..." என்று கூவுவார். முதல் நிரைக்காரர் அதைக் கேட்டுத் திருப்பிக் கூவுவார். அவர் குரலைக் கேட்டு அடுத்தவர். இப்படியே கடைசி நிரைவரை போகும். ஒவ்வொருவர் கூவலும் ஒரு விதம். ஒருவர் இழுப்பார், ஒருத்தி வெட்டிவிட்டதுபோல் நிறுத்துவாள். மண்டோர் மரத்தடியில் நின்றபடியே யார் பதில் சொன்னார், யார் சொல்லவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். பதில் வராவிட்டால் பாம்போ மயக்கமோ என்று தேடிப் போவார்கள். காதில் விழுந்தால் பதில் கூவ வேண்டும். அது யாரும் சொல்லிக் கொடுக்காத சட்டம். எங்கள் உடம்பிலேயே ஊறிப்போன பழக்கம்.

காட்டை ஒட்டிய கடைசி நிரை அக்காவுடையது. அதற்கு முந்தியது அவள் வீட்டுக்காரருடையது. அவர் கூவினால் முடிவில் கேள்வி கேட்பதுபோல் குரலை மேலே தூக்கிவிடுவார். அதற்கு அக்கா பதில் கூவினால் அன்றைய கூவல் முடிந்தது. இளவட்டங்கள் அதை வைத்துக் கேலி செய்வார்கள். "அண்ணன் என்னமோ கேக்குறாரு, அண்ணி சரின்னுட்டாங்க" என்பார்கள்.

அன்றைக்குக் கூவல் அவருக்கு முந்திய நிரைவரை வந்து நின்றுவிட்டது. அக்கா காத்திருந்தாள். பதில் வராமல் அவள் கூவ முடியாது. ஆட்கள் போய்ப் பார்த்தபோது மங்குகள் எல்லாம் பால் நிறைந்து இருந்தன. வாளி கவிழ்த்தபடி இருந்தது. கடைசி மரம் பாதி சீவிய நிலையில், வெட்டிலிருந்து பால் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. உளி மரத்திலேயே செருகி இருந்தது. ஆளைக் காணோம். புல்லில் இழுத்த அடையாளமும் இல்லை, இரத்தமும் இல்லை.

அதோடு துரை கூவலைத் தடை செய்துவிட்டார். காட்டில் இருப்பவர்களுக்கு அது சைகையாகிவிடும் என்றார். அதன் பிறகு பால் எடுக்க லோரி ஹாரன்தான் அடித்தார்கள். அந்த இரண்டு நிரைகளையும் வெட்டாமல் விட்டார்கள். லாலான் புல் மண்டிப்போனது. வேலியில் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் நடுப்பகலிலும் இருட்டாகத் தெரியும்.

அக்கா பூவும் பொட்டும் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அதுதான் பிரச்சினையாகிவிட்டது. மண்டோர் அவள் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த அண்ணன். அவர் வந்து பேசுவது சுவர் வழியாக எனக்கு அப்படியே கேட்கும்.

"பாரும்மா, தொர என்ன சொல்றாருன்னா, செத்தவன் குடும்பம்னா லயத்துல இருக்கலாம். காட்டுக்குப் போனவன் குடும்பத்த வச்சிக்க முடியாதுங்கறாரு. நீ தாலியக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சா, அவன் உசுரோட இருக்கான்னு உனக்குத் தெரியும்னுதானே அர்த்தம்? கருமாதியப் பண்ணிட்டா எல்லாம் அடங்கிரும்."

"ஒடம்பக் காட்டுங்க மாமா. அப்பறம் அறுத்துக்கறேன்."

"ஒடம்பு எங்கேர்ந்து வரும்?"

"அப்ப நா எப்படி அறுக்கறது?"

"ஒன்னையும் புள்ளையையும் எங்கயோ கம்பி வேலிக்குள்ள கொண்டு போய்ப் போடுவான். அப்ப என்ன செய்வ?"

 அடுப்பு ஊதும் சத்தம் கேட்கும். மாதா மாதம் இதே பேச்சு. கடைசியில், போட்டி முடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

போட்டி நடந்தது ரப்பர்க் காய் வெடிக்கும் காலம். காலையில் மழை பெய்து, மதியம் வெயில் காட்டமாக அடித்தது. காய்ந்த காய்கள் மரத்துக்கு மரம் 'டப் டப்' என்று வெடித்து விதைகள் தகரக் கூரையில் விழுந்தன. கேட்டில் நின்ற மலாய்க் காவலர் புதிதாக வந்தவர். ஒரு காய் வெடித்ததும் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டார். லோரியில் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவரும் வெட்கத்தோடு சிரித்தார்.

பால் ஸ்டோரை எவ்வளவு கழுவினாலும் புளித்த வாடை போகவில்லை. வெள்ளை ஓடு பதித்த தொட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேல் பலகை போட்டு, முன்பக்கத்தை மேடையாக விட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். அந்த வெறும் தொட்டிகளுக்குள் குரல் இறங்கி, கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. முதல் பள்ளிப் பிள்ளைகள் பாடி முடித்த பிறகும் பாட்டு ஒரு நொடி இருந்தது. அடுத்த பள்ளிச் சின்னப் பெண் ஒருத்தி பாதியிலேயே நிறுத்திவிட்டு, கீழே குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள்.

நான் ஓரத்தில் சிராப்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்கா குவளை கழுவித் தந்துகொண்டிருந்தாள். வேலை இருந்தால் அவளுக்கு நல்லது என்று நான்தான் கூப்பிட்டேன். முன் வரிசையில் துரை, அவருக்குப் பக்கத்தில் ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி, இந்தப் பக்கம் பட்டணத்திலிருந்து வந்த நடுவர். பின்னால் எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் நின்றார்கள்.

கடைசியாக எங்கள் பிள்ளைகள் ஏறினார்கள். மரம் வெட்டுகிறவரின் ஒரு நாள் பொழுதை வாத்தியார் பாட்டாகக் கட்டியிருந்தார். எழுவது, பேர் பதிய விடிகாலைப் பெரட்டுக்குப் போவது, சீவுவது, காத்திருப்பது. வாத்தியாருக்கு எங்கள் தோட்டம் புதிது. கூவலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார், கேட்டதில்லை. பால் எடுக்கும் இடத்தில் அதை வைத்தால் நன்றாக இருக்கும் என்று வைத்துவிட்டார். துரையிடம் தண்டவாளத் துண்டு அடிக்க மட்டும் அனுமதி கேட்டிருந்தார்.

பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு பையன் தண்டவாளத் துண்டை அடித்தான். அக்காவின் மகள் ஒரு அடி முன்னால் வந்து, தலையை நிமிர்த்தி, "ஓ..." என்றாள். அது அப்படியே அவள் பெரியப்பா மண்டோரின் கூவல். அந்தக் குடும்பத்துத் தொண்டை.

 பிறகு பின்னால் நின்ற கூட்டத்திலிருந்து முதல் நிரைக்காரர் பதில் கூவினார். கூவிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அதற்குள் இரண்டாம் நிரை கூவிவிட்டது. மூன்றாவது. நான்காவது. யாரும் நினைத்துச் செய்யவில்லை. தும்மல் வருவதுபோல் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அடக்கி வைத்த கூவல், கூட்டத்துக்குள் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு, அந்த வரிசை பிசகாமல் போனது. நான் கூவும் முறை வந்தபோது நானும் கூவினேன். நாலு பேர் முன்னால் பேசாதவள், அத்தனை பேர் முன்னால் கூவினேன்.

அவருக்கு முந்திய நிரைக்காரர் கூவினார். அதோடு நின்றது.

நிற்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.  வெளியே காய்கள் வெடிப்பதுகூட அப்போது நின்றிருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

தூரத்திலிருந்து வந்தது. அவசரமில்லாமல், இழுத்து, முடிவில் கேள்வி கேட்பதுபோல் மேலே தூக்கி விட்டது. லாலான் மண்டிய பக்கத்திலிருந்து வந்தது. தொட்டிகளுக்குள் இறங்கித் திரும்பவும் ஒருமுறை கேட்டது.

இனி அக்காவின் முறை.

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் அவளுக்காகத்தான் காத்திருந்தார்கள். நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். அவள் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துவிட்டாள். கழுத்து நரம்பு எழுந்தது. வாய் திறந்தது. கையில் இருந்த குவளையைக் கீழே விட்டுவிட்டு, முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அந்தக் காற்று வெளியே வர வழியில்லாமல் அவள் உடம்பு முழுதும் நடுங்கியது. நான் அவள் கையைப் பிடித்தேன். சிராப்பு ஊற்றிய கை. ஒட்டிக்கொண்டது.

மேடையில் அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். வாத்தியார் தாளம் தட்டினார். அவள் திரும்பி, மிச்சப் பாட்டைப் பாடி முடித்தாள். ஒரு சொல் பிசகவில்லை.

வெளியூர்ப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கை தட்டினார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர்கூடத் தட்டவில்லை. நடுவர் எழுந்து வந்து வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கடைசிக் குரலை எட்டத்தில் நிறுத்தி வைத்தீர்களே, அருமை! யார் அந்த ஆள்?"

வாத்தியாருக்கு உதடு வெளுத்துப் போயிருந்தது. "நம்ம... நம்ம ஆளுதாங்க," என்றார்.

முதல் பரிசு எங்கள் பள்ளிக்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

துரை கை தட்டவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவருக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் கூவலைத் தடை செய்தவர் அவர். யாருடைய முறையில் அது நின்றது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. காவலர்களுக்குக் கண் காட்டினார். நாலைந்து பேர் மண்டோரைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடினார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை எந்த லோரியும் புறப்படக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் இரண்டாம் முறை சிராப்பு ஊற்றினேன். வெளியூர்ப் பிள்ளைகள் வேடிக்கையாக "ஓ... ஓ..." என்று கூவிப் பார்த்தார்கள். எங்கள் பெண் ஒருத்தி போய் வாயில் அடிப்பதுபோல் கையை ஓங்கினாள்.

போனவர்கள் திரும்பி வந்தார்கள். காலையில் பெய்த மழையில் மண் களிபோல் கிடந்ததாம். இவர்கள் காலடி தவிர வேறு காலடி இல்லை. லாலான் ஓரிடத்திலும் மடியவில்லை. மண்டோருக்கு வேர்த்துக் கொட்டியது.

"எதிரொலிங்க தொர," என்றார். "அந்தத் தொட்டியில எல்லாமே திரும்பக் கேக்குது."

துரை அவரைப் பார்க்காமல் கிராணியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப் பையில் இருந்த பேனாவைத் திறந்தபடி எங்கள் பக்கம் வந்தார். நல்ல மனிதர்தான். அன்றைக்கு அவர் முகம் நன்றாக இல்லை.

"பிள்ளை, துரை கேக்கிறார். கடைசியாக் கூவினது ஆற்றை குரல்? உம்மட மனுசன்ரை குரலோ எண்டு கேக்கிறார். யோசிச்சுச் சொல்லும்."

எல்லோருக்கும் கேட்டது. உயிரோடு இருக்கிறார் என்றால் அவர் காட்டுக்காரர். விடிவதற்குள் அந்தப் பக்கம் முழுதும் ஆட்கள் இறங்கிச் சுடுவார்கள். இவளையும் பிள்ளையையும் லோரியில் ஏற்றுவார்கள். செத்துப்போனவர் என்றால் யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை.

அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அதைப் பிரித்து, நீவி, தோளில் போட்டுக்கொண்டாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

"என்னங்க கிராணி ஐயா இப்படிக் கேக்குறீங்க? செத்தவங்க எப்படிக் கூவுவாங்க? நாளைக்கு அவருக்குக் கருமாதி வச்சிருக்கோம். நீங்களும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்."

கிராணி பேனாவை மூடவில்லை. "நாளைக்கோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"மாமாகிட்ட கேளுங்க."

மண்டோர் அவளைப் பார்த்தார். ஒரு வருஷமாக அவளிடம் கெஞ்சியவர் அவர்தான்.  பிறகு, "ஆமாங்க. நாளைக்குத்தான்," என்றார். சொல்லிவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிராணி துரையிடம் போய்ச் சொன்னார். துரை அக்காவின் நெற்றிப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லோரிகளை விடச் சொன்னார்.

பரிசுக் கோப்பையை வாங்க அந்தப் பிள்ளையைத்தான் அனுப்பினார்கள். அவள் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஊரடங்குக்குள் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூவரும் லயத்துக்கு நடந்தோம். வேலியை ஒட்டிப் போகிற வழி அது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் திரும்பினேன். மரங்களுக்குக் கீழே ஏற்கெனவே இருட்டியிருந்தது. ஒரு காய் வெடித்தது, அவ்வளவுதான்.

விளக்கு வைத்த பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் குரல் கேட்டது.

"அம்மா, அது அப்பாதானே?"

"வாயக் கழுவிட்டு வா. சிராப்பு குடிச்ச வாய், செவசெவன்னு இருக்கு."

"நீ ஏம்மா பதில் கூவல?"

அக்கா ஏதாவது சொல்வாள் என்று நானும் இந்தப் பக்கம் காத்திருந்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

அது யார் குரல் என்று என்னை இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. காட்டிலிருந்து வந்து, காலடி படாமல் கூவிவிட்டுப் போனார் என்பவர்கள் இருக்கிறார்கள். பாதி சீவிய அந்த மரத்தடியிலேயே அவர் ஆவி கிடந்து கூவியது என்பவர்களும் இருக்கிறார்கள். அக்காவிடம் நான் கேட்டதில்லை. நான் கேட்கிற ஆளும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கருமாதி நடந்தது. ஆற்றங்கரைக்குப் போக கேட்டில் அனுமதி கொடுக்கவில்லை. அதனால் லயத்துப் பைப்படியில் வைத்துச் செய்தார்கள். உடம்பு இல்லாததால் புல்லில் ஒரு உருவம் கட்டினார்கள். தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார்கள். கிராணி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். மழை இல்லை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது.